வில்லியம் காடிஸ்: காதால் படிக்க வேண்டிய நாவலாசிரியர்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் போன் அடிக்கிறது. “இல்ல சார்... நாளைக்குக் காலையில உங்க டேபிள்ல இருக்கும் சார்... கண்டிப்பா சார்.” வைத்த கையோடு மறுபடியும் அடிக்கிறது. “ம், சொல்லு. மீட்டிங்ல இருக்கேன்னு சொன்னேன்ல... சரி, பால் பாக்கெட்தானே, வாங்கிட்டு வந்துடறேன்.”

முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலில் பேசியது மேலதிகாரியோடு, அடுத்துப் பேசியது வீட்டோடு, நாளைக் காலைக்கு என்று ஒப்புக்கொண்ட வேலையை மனிதர் இன்னும் தொடக்கூட இல்லை, மீட்டிங் என்பது பொய் என்று எல்லாமே நமக்குத் தெரிந்துவிட்டது. “என்று பணிவோடு கூறினார்”, “என்று சலித்துக்கொண்டார்” என்று யாரும் நம் காதில் ஓதவில்லை. எதிர்முனைக் குரல்கூடக் கேட்கவில்லை.

இந்த அளவுக்கு ஒட்டுக்கேட்கத் தெரிந்தவர் என்றால், வில்லியம் காடிஸைப் படிப்பதற்கான தகுதியில் முக்கால்வாசி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிக்கால்வாசி பொறுமை.

பெயரைத் தமிழில் காடிஸ் என்றும் எழுதலாம், கேடிஸ் என்றும் எழுதலாம். சரியான உச்சரிப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இரண்டாவதில் ஒரு கேடி ஒளிந்திருக்கிறான். கள்ள ஓவியம், கள்ள நோட்டு, போலி டாக்டர் என்று எழுதித் தள்ளியவருக்கு அது பொருத்தம்தான். இருந்தாலும் மரியாதைக்குக் காடிஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

1922இல் பிறந்து 1998இல் இறந்த அமெரிக்க நாவலாசிரியர். வாழ்நாள் முழுக்க எழுதியும் ஐந்தே நாவல்கள், அதிலும் ஐந்தாவது அவர் இறந்த பிறகு வந்தது. முதல் நாவல் 956 பக்கம், இரண்டாவது 726 பக்கம். அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இரண்டு முறை வாங்கியவர். ஆனாலும் அவர் நாட்டிலேயே பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம், படித்தவர்கள் குறைவு. படிக்க முடியாத எழுத்தாளர் என்ற பட்டம் அவர் புத்தகங்களைவிட வேகமாகப் பரவிவிட்டது.

அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லோரும் ‘பின்நவீனத்துவ நாவலாசிரியர்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே தமிழில் ஒரு தலைமுறை வாசகர்களுக்கு அலுப்பு வரும். தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் அதை வைத்து நடந்த சண்டைகள் அப்படி. காடிஸுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜாய்ஸ், எலியட் போன்ற நவீனத்துவர்கள், உலகம் உடைந்து சிதறிக் கிடப்பதைப் பார்த்தார்கள். கலை என்ற பசையால் அதைத் திரும்ப ஒட்டலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு மிச்சம் இருந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பசையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கலையும் சந்தையில் விலைபோகும் சரக்குதானே, எது மூலம், எது நகல், கேட்பவன் யார், விற்பவன் யார் என்று குடைய ஆரம்பித்தார்கள். ஜான் பார்த், தாமஸ் பின்ச்சன், டொனால்ட் பார்தெல்மே, ராபர்ட் கூவர், டான் டெலிலோ என்று அமெரிக்காவில் ஒரு பெரிய வரிசையே உண்டு. காடிஸின் முதல் நாவல் 1955இலேயே வந்துவிட்டது. அதாவது அந்த வரிசை உருவாவதற்கு முன்பே வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டவர் அவர். ஒரு கால் எலியட்டின் வீட்டில், ஒரு கால் தெருவில்.

பிறந்தது நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில். மூன்று வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். லாங் ஐலண்டில் மாசப்பீக்வா என்ற ஊரில் அம்மாவின் பொறுப்பில் வளர்ந்தார். ஐந்து வயதிலேயே கனெக்டிகட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பா இல்லாத அந்தப் பிள்ளைப்பருவம் அவர் நாவல்களுக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. காடிஸின் கதைகளில் அப்பாக்கள் ஒன்று இறந்திருப்பார்கள், அல்லது தொலைவில் இருப்பார்கள், அல்லது தப்பான ஆளை மகன் அப்பா என்று நினைத்துக்கொள்வான்.

1941இல் ஹார்வர்டில் சேர்ந்தார். சிறுநீரகக் கோளாறு இருந்ததால் போருக்குப் போகவில்லை. அங்கே ‘லாம்பூன்’ என்ற மாணவர் நகைச்சுவை இதழின் தலைவராக இருந்தார். குடித்துவிட்டுப் போலீசோடு தகராறு செய்தது பெரிதாகி, 1945இல் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். அடுத்து ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் தகவல் சரிபார்க்கும் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எது நிஜம், எது கயிறு திரிப்பது என்று நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டிருக்கும் வேலை அது. போலிகளைப் பற்றி எழுதப்போகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாக அங்கே இருந்துவிட்டு, மெக்சிகோ, பனாமா, கோஸ்டாரிகா, ஸ்பெயின், பாரிஸ், வட ஆப்பிரிக்கா என்று சில வருடங்கள் சுற்றினார். பெட்டியில் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி வளர்ந்துகொண்டே போனது.

அந்த நாவல்தான் ‘தி ரெகக்னிஷன்ஸ்’. ‘அடையாளம் காணுதல்கள்’ என்று சொல்லலாம். தமிழில் பன்மை கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் அந்தப் பன்மை முக்கியம்.

கதை ஒரு மோசடியில் தொடங்குகிறது. நியூ இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவர் மனைவியோடு ஸ்பெயினுக்குக் கப்பலில் போகிறார். வழியில் மனைவிக்குக் குடல்வால் அழற்சி. கப்பல் மருத்துவர் அறுவை செய்கிறார், அவள் இறந்துபோகிறாள். அந்த மருத்துவர் மருத்துவரே இல்லை. போலீசுக்குப் பயந்து டாக்டர் வேடத்தில் ஒளிந்திருந்த கள்ளநோட்டுக்காரன். இந்தத் தம்பதியின் மகன் வயட்தான் கதாநாயகன்.

வயட்டுக்கு ஓவியம் வரும். வீட்டில் அப்பா ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஒரு மேசைப் பலகை இருக்கிறது, ஏழு கொடிய பாவங்களைப் பழைய டச்சு ஓவியர் போஷ் வரைந்த பலகை. பையன் அதை நகல் எடுக்கிறான். பிறகு நகலை வீட்டில் வைத்துவிட்டு, அசலை விற்றுத் தன் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்கிறான். பாரிஸில் சொந்தமாக வரைகிறான். விமர்சகர் ஒருவர் வந்து, விற்பனையில் பத்து சதவீதம் எனக்குத் தந்தால் உன்னைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்கிறார். வயட் மறுக்கிறான். எழுத்தில் அடி விழுகிறது. நியூயார்க் திரும்பி, பாலங்களுக்கு வரைபடம் போட்டும், பழைய ஓவியங்களைச் செப்பனிட்டும் பிழைக்கிறான். அப்போது ரெக்டால் பிரவுன் என்ற வியாபாரி கதவைத் தட்டுகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைக் கவனிக்க வேண்டும், நாவலின் இதயமே இங்கேதான். பிரவுன் கேட்பது நகல் கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர்களான வான் டெர் கூஸ், பவுட்ஸ் போன்றவர்கள் வரைந்திருக்கக்கூடிய, ஆனால் வரையாத புதிய ஓவியங்களை அவர்கள் பாணியில் வரைந்து தரச் சொல்கிறார். ‘காணாமல் போயிருந்த அரிய படைப்பு கிடைத்தது’ என்று உலகுக்குச் சொல்லி விற்பது அவர் பாடு.

இது எழுத்தாளர் இழுத்துக் கட்டிய கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஹாலந்தில் ஹான் வான் மேகரன் என்பவர் இதைத்தான் செய்தார். 1945இல், பழைய டச்சு மேதை வெர்மீரின் ஓவியத்தை நாஜித் தலைவர் கோரிங்கிடம் போகவிட்ட தேசத்துரோகி என்று அவரைக் கைது செய்தார்கள். அது வெர்மீரே இல்லை, நான் வரைந்தது என்றார் அவர். யாரும் நம்பவில்லை. காவலில் இருந்தபடியே சாட்சிகள் முன்னால் இன்னொரு ‘வெர்மீர்’ வரைந்து காட்ட வேண்டியிருந்தது. துரோகி இல்லை, வெறும் மோசடிக்காரன்தான் என்று நிரூபிக்க ஒரு மனிதன் பட்ட பாடு!

வயட்டின் விஷயம் இன்னும் சிக்கல். அவனுக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பழைய ஓவியர்கள் ஒவ்வொரு துணி மடிப்பையும் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு வரைந்தார்கள் என்று அவன் நம்புகிறான். அதே நினைப்போடு அவனும் வரைகிறான். அப்படியானால் அந்த ஓவியம் பொய்யா? கையெழுத்து மட்டும் பொய், வேலை நிஜம். சொந்தப் பெயரில் வரைந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வேறொருவன் பெயரில் வரைந்தால் அருங்காட்சியகங்கள் வரிசையில் நிற்கின்றன. கடைசியில் அவனே உண்மையைச் சொல்ல முயல்கிறான். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நாவல் கடினம் என்று சொல்வதற்கு ஒரு நல்ல உதாரணமும் இதிலேயே இருக்கிறது. பிரவுனோடு ஒப்பந்தம் ஆன பிறகு, வயட் என்ற பெயர் புத்தகத்திலிருந்து மறைந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ‘அவன்’தான். சொந்தப் பெயரில் வரையாதவனுக்கு நாவலாசிரியரும் பெயரைத் தரவில்லை. ஓர் அறைக்குள் முகம் வெளிறிய ஒருவன் நுழைந்தான், கைகளில் சாய வாசனை என்று இருந்தால், அது அவன்தான் என்று நாம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தலைப்பில் உள்ள ‘அடையாளம் காணுதல்’ வாசகனுக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுப்பாடமும்கூட.

வயட்டைச் சுற்றி நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் கலைஞர் கூட்டம் ஒன்று நாவல் முழுக்கக் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறது. அதில் ஓட்டோ என்று ஒரு இளைஞன். மத்திய அமெரிக்கப் புரட்சியில் அடிபட்டது போலக் கையில் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவான். கையில் ஒன்றும் இல்லை. அவன் எழுதிய நாடகத்தைப் படிக்கிறவர்களுக்கெல்லாம் இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், வயட் பேசியதை எல்லாம் குறித்துவைத்து எழுதியதுதானே அது. இவன் பார்த்தே இராத அப்பாவை ஒரு ஹோட்டலில் சந்திக்கப் போகிறான். எதிரே வந்து உட்காரும் ஆள் கொடுக்கும் பணக்கட்டை அப்பா தரும் பரிசு என்று வாங்கிக்கொள்கிறான். வந்திருப்பவன் ஆரம்பத்தில் கப்பலில் டாக்டர் வேடம் போட்ட அதே கள்ளநோட்டுக்காரன், கட்டு முழுக்க அவன் சரக்கு. இந்தக் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன், அடுத்த பக்கத்தில் வயிற்றைப் பிசைந்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். விருந்துக் காட்சிகள் நீளத்துக்குமேல் நீளம். மித்ரா வழிபாடு, ஆதித் திருச்சபை, ரசவாதம் என்று காடிஸ் தான் படித்ததை எல்லாம் கொட்டும் பக்கங்களில் முப்பது வயது இளைஞரின் ‘பார்த்தாயா’ என்ற தொனி எட்டிப் பார்க்கிறது. ஸ்டீவன் மூர் என்ற ஆய்வாளர் 1982இல் இந்த ஒரு நாவலுக்கே தனி வழிகாட்டி நூல் எழுதினார். முதல் வாசிப்புக்கு அது கட்டாயம் இல்லை, புரியாத குறிப்பைத் தாண்டிப் போகலாம். கல்யாணப் பந்தியில் எல்லாக் கூட்டையும் தொட்டே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

1955இல் புத்தகம் வெளியானபோது நடந்தது இன்னொரு கதை. ஐம்பத்தைந்து மதிப்புரைகள் வந்தன, பெரும்பாலும் வசை. புத்தகம் விற்கவில்லை. ஏழு வருடம் கழித்து, ஜாக் கிரீன் என்ற புனைபெயரில் ஒருவர் தானே தட்டச்சு செய்து நகலெடுத்து வெளியிட்ட சின்னப் பத்திரிகையில் அந்த மதிப்புரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். பலர் புத்தகத்தை முழுக்கப் படிக்கவே இல்லை, அட்டைக் குறிப்பிலிருந்தும் ஒருவரிடமிருந்து மற்றவரும் காப்பியடித்திருக்கிறார்கள், பிழைகளைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறார்கள் என்று காட்டினார். இந்தக் கழுதைகளை வேலையை விட்டுத் தூக்கு என்பதுதான் கட்டுரைத் தலைப்பின் சாரம், மூலத்தில் இன்னும் காரம். போலிகளைப் பற்றிய நாவலுக்குப் போலி மதிப்புரைகள்! கிரீன் தன் கைக்காசைப் போட்டு ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமும் கொடுத்தார். காடிஸ்தான் கிரீன் என்ற பெயரில் எழுதுகிறார் என்றுகூட ஊர் பேசியது.

காடிஸோ அதற்குள் குடும்பஸ்தர், இரண்டு குழந்தைகள். பிழைப்புக்கு ஃபைசர் மருந்து நிறுவனத்தில் மக்கள் தொடர்பு வேலை பார்த்தார். அமெரிக்க ராணுவத்துக்கு விளக்கப் படங்களுக்கான வசனம் எழுதினார். பெரிய கம்பெனி அதிகாரிகள் மேடையில் பேசும் உரைகளை எழுதிக்கொடுத்தார். இருபது வருடம். வேறொருவன் பெயரில் வேலை செய்யும் வயட்டின் தலையெழுத்து அவனைப் படைத்த காடிஸுக்கே வந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும், ஆனால் நடந்தது அதுதான். அந்த இருபது வருடமும் அவர் காது சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் பேசுவதை, போனில் குழைவதை, முடிக்காமல் விடும் வாக்கியங்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதிலிருந்து 1975இல் வந்தது ‘ஜே ஆர்’. என் அளவில் அவருடைய சிறந்த நாவல் இதுதான், அமெரிக்க இலக்கியத்தின் மிகச் சிரிப்பான புத்தகங்களில் ஒன்றும்கூட.

ஜே ஆர் வான்சான்ட் ஆறாம் வகுப்புப் பையன், பதினொரு வயது. கிழிந்த ஸ்னீக்கர், ஒழுகும் மூக்கு. வகுப்பு ஆசிரியை எமி ஷூபேர் மாணவர்களை வால் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போய், எல்லோரும் காசு சேர்த்து ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்க வைக்கிறாள். அமெரிக்கா எப்படி இயங்குகிறது என்ற பாடம் அது. மற்ற பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள், இவன் பாடத்தை நிஜமாகவே எடுத்துக்கொள்கிறான். தபாலில் வரும் விளம்பரங்களை எல்லாம் வாசித்து, கடற்படை வேண்டாம் என்று கழித்த பிக்னிக் முட்கரண்டிகளைக் கடனில் வாங்கி ராணுவத்துக்கு விற்கிறான். அரசாங்கத்தின் ஒரு கையிலிருந்து வாங்கி இன்னொரு கையில் வைக்கிறான், அவ்வளவுதான். பிறகு திவாலான ஒரு நெசவாலை, ஒரு பீர் ஆலை என்று வளர்ந்து பெரிய காகிதச் சாம்ராஜ்யம் ஆகிவிடுகிறது. எல்லாம் பொதுத் தொலைபேசியிலிருந்து. குரல் பெரியவர் குரலாகக் கேட்க வேண்டும் என்பதற்காக வாய்ப்பக்கம் அழுக்குக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பேசுவான்.

இந்தக் கதையை 726 பக்கமும் கிட்டத்தட்டப் பேச்சிலேயே சொல்கிறார் காடிஸ். அத்தியாயம் கிடையாது, மேற்கோள் குறி கிடையாது, வரித் தொடக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். யார் பேசுவது என்று சொல்வதே இல்லை. ஒருவர் போனை எடுத்தால் கதை கம்பி வழியாக மறுமுனைக்குப் போய்விடும், ரயிலில் ஏறினால் ரயிலோடு போய்விடும்.

பின் எப்படித்தான் பிடிப்பது? பேருந்தில் பிடித்த மாதிரிதான். பள்ளித் தலைமையாசிரியர் வைட்பேக் உள்ளூர் வங்கிக்கும் தலைவர், எந்தப் பேச்சையும் தொண்டையைச் செருமாமல் அவரால் தாண்ட முடியாது. ஜே ஆர் மூன்று சொல்லுக்கு ஒருமுறை “ஹே” என்பான், “அதாவது நான் சொல்றது” என்பான். குடிகார ஆசிரியர் கிப்ஸ் பேசினால் பாதி மேற்கோள், பாதி நக்கல். எட்வர்ட் பாஸ்ட் என்ற இளம் இசையமைப்பாளன்தான் பரிதாபம். “இல்ல, ஆனா...”, “ஆமா, ஆனா...” என்று ஆரம்பிப்பான், ஒரு வாக்கியத்தையும் முடிக்க யாரும் விடமாட்டார்கள். அவன் ஓர் ஓபரா எழுத நினைக்கிறான், அது குறைந்து குறைந்து கடைசியில் தனி செல்லோவுக்கான சின்ன உருப்படியாக வந்து நிற்கிறது. நடுவில் ஒரு பங்குத் தரகர் வரிக்குதிரைப் படத்துக்கு ‘வரிக்குதிரை இசை’ போட்டுத் தரச் சொல்கிறார். ஐம்பது பக்கம் தாண்டினால் இந்தக் குரல்கள் எல்லாம் உறவினர் குரல்போலப் பழகிவிடும். நான் முதல் தடவை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவன். இரண்டாம் தடவை வாய்விட்டுப் படித்தேன், தடையில்லாமல் ஓடிவிட்டது.

முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டின் கிழட்டு அத்தைகள் இருவர் வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாவலின் முதல் சொல்லே ‘பணம்’, அதுவும் சருகு உரசுவது போன்ற குரலில். காகிதப் பணத்தை முதன்முதலில் பார்த்தபோது உயிரே இல்லாததுபோல் இருந்தது, மதிப்பிருக்கும் என்று நம்பவே முடியவில்லை, அப்பா பாக்கெட்டில் வெள்ளி டாலர்களைக் குலுக்குவாரே என்று கிழவிகள் பேச்சு ஓடுகிறது. வக்கீல் சொத்து விவகாரத்தைச் சொல்லப் பார்க்கிறார், அவர்கள் விடுவதாக இல்லை. சும்மா வம்பளப்பதுபோல் தெரியும். ஆனால் காது கொடுத்தால், கலகலத்த காசு சலசலக்கும் காகிதமாக மாறிய ஒரு நூற்றாண்டுக் கதை அதில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஜே ஆர் விளையாடப்போகிறான்.

இன்னொரு இடம். சாம்ராஜ்யத்தின் தலைமை அலுவலகம் மன்ஹாட்டனில் 96ஆம் தெருவில் ஒரு பாழடைந்த குடியிருப்பு. வெந்நீர்க் குழாயை மூட முடியாது, இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டிகளுக்கு அடியில் எங்கேயோ ஒரு ரேடியோ புதைந்து கிடக்கிறது, அதைத் தேடி எடுத்து நிறுத்தவும் முடியாது. தபால் மலைபோல் குவிகிறது. இங்கே உட்கார்ந்துதான் பாஸ்ட் தன் இசையை எழுதப் பார்க்கிறான். ஆள் நினைப்பதை ஆளே கேட்க முடியாத வீடு.

மாலை நேரத்தில் ஆசிரியை எமி ஜே ஆரை நிறுத்தி, வானத்தைப் பாருடா, இதற்கும் ஒரு கோடீஸ்வரன் சொந்தக்காரனா என்று கேட்கும் இடம் உண்டு. காசுக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று குழந்தைக்குக் காட்டிவிடத் துடிக்கிறாள். பின்னால் ஜே ஆர் பாஸ்டிடம் சொல்வான்: டீச்சர் நிலா என்று காட்டியது நிலாவே இல்லை, ஐஸ்கிரீம் கடையின் மேலே வைத்த கோன். அதற்குச் சொந்தக்காரக் கோடீஸ்வரன் நிச்சயம் உண்டு. இந்த ஒரு இடத்தை வைத்து காடிஸ் யார் பக்கம் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கு ஆசிரியை மேல் பரிவு. ஆனால் சரியாகப் பார்த்தவன் பையன்தானே!

‘ஜே ஆர்’ 1976இல் தேசியப் புத்தக விருது வாங்கியது. ஏற்புரையில் காடிஸ், எழுத்தாளனைப் படிக்க வேண்டும், அவன் பேசக் கேட்கக் கூடாது, பார்ப்பது அதைவிட மோசம் என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினார். பேட்டிகளை முடிந்தவரை தவிர்த்தார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1985இல் ‘கார்பென்டர்ஸ் காதிக்’, 262 பக்கம். ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரே வீடு, நாலைந்து பேர், ஓயாமல் அடிக்கும் தொலைபேசி, பின்னணியில் டிவிப் பிரசங்கியும் ஆப்பிரிக்கச் சுரங்கமும். இருண்ட நாவல். 1994இல் ‘எ ஃப்ராலிக் ஆஃப் ஹிஸ் ஓன்’, வழக்கு மோகத்தைப் பற்றியது, இரண்டாவது தேசியப் புத்தக விருது இதற்குத்தான். ஆஸ்கர் கிரீஸ் என்ற பேராசிரியர் தன் காரைச் சாவி இல்லாமல் கம்பியைத் தொட்டுக் கிளப்பப் போய், அது அவர் மேலேயே ஏறிவிடுகிறது. காரின் சொந்தக்காரரும் அவரே, அடிபட்டவரும் அவரே. யார் மேல் வழக்குப் போடுவது? காரின் பெயர் சொசூமி. ஜப்பானியப் பெயர்போல் இருக்கும், ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிப் பார்த்தால் ‘முடிந்தால் என் மேல் கேஸ் போடு’ என்று கேட்கும். இங்கேயும் காதுதான். பொதுவெளிச் சிற்பம் ஒன்றுக்குள் நாய் மாட்டிக்கொண்ட வழக்கில் நீதிபதி எழுதும் தீர்ப்பு நாவலுக்குள் முழுசாக இருக்கிறது. வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தால் அதை மட்டுமாவது படிக்கக் கொடுங்கள்.

கடைசி நாவல் ‘அகாப்பே அகேப்’ 2002இல் வந்தது. ஒரே எழுத்துகள், இரண்டு சொற்கள்: முதலாவது கிரேக்கத்தில் தன்னலம் இல்லாத அன்பு, இரண்டாவது ஆங்கிலத்தில் வாய் பிளந்து நிற்பது. படுக்கையில் கிடக்கும் சாகப்போகிற மனிதர் ஒருவர் மூச்சுவிடாமல் பேசும் நூறு பக்கம். எதைப் பற்றி? தானாகவே வாசிக்கும் பியானோ பற்றி. ஓட்டை போட்ட காகிதச் சுருளை மாட்டி, காலால் மிதித்தால் போதும், இசை தெரியாதவன் வீட்டிலும் மேதையின் வாசிப்பு கேட்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் பரவியிருந்த இயந்திரம். கலைஞன் இல்லாமல் கலை என்பது அங்கேதான் தொடங்கியது, அந்த ஓட்டைக் காகிதத்துக்கும் கணிப்பொறிக்கும் ஒரே வம்சம் என்பது காடிஸின் பிடிவாதம். 1951லேயே ‘அட்லாண்டிக்’ பத்திரிகையில் இதைப் பற்றிச் சின்னதாக எழுதிவிட்டார். ‘ஜே ஆர்’ நாவலில் கிப்ஸ் எழுதி முடிக்காமல் வைத்திருப்பதும் இதே தலைப்பிலான புத்தகம்தான். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் பெட்டி பெட்டியாகக் குறிப்பு சேர்த்து, முடிவில் வரலாற்று நூலாக எழுத நேரம் இல்லை என்று தெரிந்ததும், எழுத நேரம் இல்லாமல் தவிக்கிற மனிதரையே பேசவிட்டுவிட்டார். 1998 டிசம்பர் 16ஆம் தேதி லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் புற்றுநோயால் காலமானார்.

2002இல் அமெரிக்க நாவலாசிரியர் ஜோனதன் ஃப்ரான்ஸன் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் காடிஸை வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். முதல் நாவலை ரசித்துப் படித்தவர், ‘ஜே ஆர்’ நாவலைப் பாதியில் விட்டவர். வாசகனோடு எழுத்தாளனுக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு, அதை மீறுகிற கடினம் எதற்கு என்பது அவர் கேள்வி. பதிலுக்குப் பலர் எகிறினார்கள். ஃப்ரான்ஸன் கேட்டது நியாயமான கேள்வி, கேட்ட புத்தகம்தான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஜே ஆர்’ நாவலில் அகராதி தேவைப்படும் சொல் அபூர்வம். பதினொரு வயதுப் பையனும் கம்பெனிக்காரர்களும் பேசும் சாதாரணப் பேச்சு அது. யார் பேசுகிறார் என்ற ஒரு குறிப்பை மட்டும் காடிஸ் எடுத்துவிட்டார், அதற்கே நாம் இவ்வளவு தடுமாறுகிறோம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பெரும்பாலோர் சின்னது என்பதால் ‘கார்பென்டர்ஸ் காதிக்’ நாவலைச் சொல்வார்கள். சின்னதுதான், ஆனால் சிரிப்பு குறைவு, முதல் சந்திப்புக்கு அந்த வீடு கொஞ்சம் மூச்சுமுட்டும். ‘ஜே ஆர்’ நாவலில் தொடங்குங்கள். அதுவும் முதல் நாவலும் 2020இல் புதிய பதிப்பாக வந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒலிநூலும் உண்டு, ஒரே வாசிப்பாளர் அத்தனை குரலையும் பேசுகிறார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், குரல்கள் பிடிபட்டதும் ஒலியை நிறுத்திவிட்டுக் கண்ணால் தொடரலாம். ஒரு தடவைக்கு இருபது பக்கம் போதும். யார் பேசுவது என்று தெரியாவிட்டால் திரும்பிப் போகாதீர்கள், இரண்டு வரி தள்ளி அவரே ஒரு செருமலில் மாட்டிக்கொள்வார். முட்கரண்டி வியாபாரம் வரும்வரையாவது விடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் சாம்ராஜ்யம் சரிந்து கிடக்கிறது. அதற்குள் பையன் பேர் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. யாரோ எடுத்து வைக்காமல் விட்ட தொலைபேசி கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஜே ஆரின் குரல், தனக்கு ஒரு புது யோசனை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் ஆள் இருக்கிறார்களா என்று தெரியாமல் கேட்கிறது: ஹே, கேக்குதா? ஹே?